கமாவுக்குப் பின் ஓர் இடைவெளி

பேருந்து அட்டவணையில் மதியப் பேருந்துகள் ஒன்றையும் காணோம். மாப்பிள்ளை மடிக்கணினியோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, அவை எங்கேயோ மரநிழலில் நின்று தூங்குவதாக நினைத்துக்கொண்டான்.

"மறுபடியும் கனவா?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"கோளாறைக் கண்டுபிடிச்சிட்டேன். அட்டவணையை அச்சடிக்க ஃபங்ஷன்னு ஒரு புரோகிராம் துண்டு இருக்கு, அதுக்குப் பட்டியலோட அசலையே தூக்கிக் கொடுத்திருக்காங்க. நகலைக் கொடுத்தா அது என்ன கிறுக்கினாலும் நமக்கென்ன? அசலைக் கொடுத்தா கிழிச்சது கிழிச்சதுதான். ஒரே ஒரு & குறி. அதை எடுத்தாப் போதும்."

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஊருக்கே திறந்துவைத்த, பி.எச்.பி. மொழியில் எழுதிய கம்ப்யூட்டர் நிரல் அது. மாமனார் ஓய்வுபெற்ற பேருந்துப் பணிமனையிலும் அதுதான் ஓடியது. அதை அவனுக்குக் காட்டியவள் மனைவி. அவன் செய்யும் திருத்தம் அதில் ஏறினால் வேலை தருவதாக ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. வேலை கிடைத்தால் தனிவீடு. தலைக்கு மேலே மாமனார் நாற்காலியை இழுக்காத வீடு. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து அவர் அவனிடம் நேராகப் பேசியதில்லை. எல்லாம் மாமியார் வழியாகத்தான் இறங்கி வரும்.

"உங்கப்பா மாடியில அப்படி என்னதான் பண்றார்?"

"கம்ப்யூட்டர்ல சீட்டு விளையாடறாராம். அம்மா சொன்னா."

குறியை எடுத்து அனுப்பினான். மேலே நாற்காலி உருண்டது, தூரத்து இடி மாதிரி. திருத்தங்களைச் சரிபார்க்கும் 'விசில்' என்ற பெயரிலிருந்து பதில் வந்தது: 'கமாவுக்குப் பின் இடைவெளி இல்லை.'

இடைவெளி விட்டான். விட்ட கையோடு சும்மா இருந்திருக்கலாம். ஃபங்ஷனுக்குள் 'ஆம், இல்லை, ஆம்' என்று மூன்று மதிப்புகள் போயின. எது எதற்கென்று யாருக்கும் தெரியாது. பாவப்பட்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒட்டி அனுப்பினான். இடி. 'பெயர் ஒட்டுவது இங்கே வழக்கமில்லை. வரிசைப்படி அனுப்பவும்.'

பெயர்களைப் பிய்த்தபோது வரிசை இடம் மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பேருந்து தினமும் ஓடியது. தினசரிப் பேருந்து ஞாயிறன்று மட்டும் வந்தது. கடுப்பில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினான். இடி. 'மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பது யார் வேலை?'

"இது மனுஷன் இல்ல, மெஷின்" என்றான். "வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது. அனுப்பின கையோட பதில்."

"அப்போ திட்டித் தீர்த்துக்கோ. மெஷினுக்கு வலிக்கவா போகுது?"

எல்லாவற்றையும் பழையபடி ஆக்கி, அந்த & குறியை மட்டும் எடுத்து, இடைவெளியைக் கண்ணும் கருத்துமாக விட்டு, கூடவே ஒரு குறிப்பும் எழுதினான்:

'துருப்பிடித்த தகரமே! மாடியில் ஒரு கரடி,இங்கே நீ. அதுவும் பேசாது, நீயும் மனுஷ பாஷை பேச மாட்டாய். எனக்கு வேண்டியதெல்லாம் இரண்டு ஜன்னல் வைத்த ஒரு வீடு. இதை ஏற்றுக்கொண்டால் நானும் என் மனைவியும் கிளம்பிவிடுவோம். கரடி நிம்மதியாகச் சீட்டாடலாம்.'

அனுப்பினான். இடி இடிக்கவில்லை. வீடே காது கொடுத்துக் கேட்பது போல அமைதியாக இருந்தது. வெயில் தரையில் மெல்ல நகர்ந்தது. அவனுக்குக் கண் சொருகியது. மதியப் பேருந்துகள் ஒவ்வொன்றாக விழித்து, சத்தமில்லாமல், இரண்டு ஜன்னல் வைத்த ஒரு வீட்டின் முன்னால் வந்து நின்றன.

படியில் காலடி கேட்டு விழித்தான். மாமியார் காலி டம்ளரோடு இறங்கி வந்தாள். வழக்கம்போல முகத்தில் ஒன்றும் இல்லை.

"மாப்பிள்ளை, நீங்க அனுப்பினதை ஏத்துக்கிட்டாராம். ஆனா அந்தக் கரடின்னு எழுதின இடத்துல, கமாவுக்கு அப்புறம் இடைவெளி விடலையாம்."