எங்கள் அப்பா கோல்கீப்பர் ஆன கதை

இதை அச்சுக் கோக்கப் போகிறவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்துகள் கூட்டமான பஸ்ஸில் நிற்கிறவர்கள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருக்கும். சின்ன ர வரவேண்டிய இடத்தில் பெரிய ற வந்திருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் 'மேல் வகுப்புக்குப் போகலாம்' என்ற பேச்சு ஒரே ஒரு தடவைதான் வந்தது. அது கால்பந்தில். அதையும் நானே கெடுத்தேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

எழுபத்திரண்டாம் வருஷம் எனக்கு இருபத்துநாலு வயது. புனேயில் வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றில் மரப்பெட்டிகளின்மேல் எழுத்து அடிக்கிற வேலை. குவார்ட்டர்ஸில் எட்டாவது லைன் முழுக்க நம் ஆட்கள், முக்கால்வாசி வட ஆற்காடு. அந்த லைனுக்கு ஒரு கால்பந்து டீம் இருந்தது. பெயர் 'எட்டாம் லைன் பாய்ஸ்'. நான் அதில் கோல்கீப்பர். (கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. யாருடனும் பேச வேண்டாம், தனியாக நிற்கலாம்.)

மாவட்ட லீக்கில் மூன்று டிவிஷன்கள். பள்ளிக்கூடம் மாதிரிதான். வருஷக் கடைசியில் முதலாவதாக வருகிற டீம் மேல் டிவிஷனுக்குப் போகும், கடைசியாக வருகிற டீம் கீழே இறங்கும். நாங்கள் எட்டு வருஷமாக இரண்டாம் டிவிஷனிலேயே உட்கார்ந்திருந்தோம். எங்கள் கேப்டன் துரைசாமி அண்ணனுக்கு முப்பத்தாறு வயது. வலது முழங்காலில் எப்போதும் ஒரு துணிக்கட்டு. "முதல் டிவிஷன்ல ஒரே ஒரு மேட்ச்டா. ஆடிட்டு பூட்ஸை ஆணியில மாட்டிடறேன்" என்பார். அந்த ஒரு மேட்சுக்காகவே அவர் முழங்கால் இன்னும் உதிராமல் இருக்கிறது என்று நாங்கள் நம்பினோம்.

அந்த வருஷம் லீக் தொடங்கும்போது ஆட்டக்காரர்கள் பெயரைப் பதிவு செய்ய ஒரு படிவம் வந்தது. இங்கிலீஷ் படிவம். துரைசாமி அண்ணன் அதை என்னிடம் கொடுத்தார்.

"டேய் கணேசா, பொட்டி மேல எழுதற ஆள் நீதானே. எழுது."

"அண்ணே, எனக்கு எழுத்துதான் தெரியும். இங்கிலீஷ் தெரியாது."

"பேரு எழுதறதுக்கு இன்னாத்துக்குடா இங்கிலீஷு?"

படிவத்தில் ஒவ்வோர் ஆளுக்கும் இரண்டு கட்டம். முதல் கட்டம் குடும்பப் பெயர். மராத்திக்காரர்கள் எல்லாருக்கும் அது உண்டு. நமக்கு ஏது? இல்லை என்று எழுதக் கூச்சமாக இருந்தது. யோசித்தேன். நம் பெயரில் முன்னால் வருவது இனிஷியல், இனிஷியல் என்றால் அப்பா. ஆகவே முன்னால் இருக்கிற கட்டத்தில் அப்பா! பதிமூன்று பேருக்கும் முதல் கட்டத்தில் அப்பா பெயரை, பெட்டியில் அடிப்பது போலப் பெரிய எழுத்தில் எழுதினேன். சொந்தப் பெயர் அடுத்த கட்டத்தில். (முடித்துவிட்டு என்னையே மெச்சிக்கொண்டு ஒரு டீ குடித்தேன்.) ஊருக்குள் கேம்ப் பகுதியில் இருந்த லீக் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த கிளார்க் அவர்கள் வழக்கப்படி முதல் கட்டத்தை முழுதாகவும், சொந்தப் பெயருக்கு ஓர் எழுத்தை மட்டும் போட்டும் டைப் அடித்துக்கொண்டார். நான் 'ஆறுமுகம் ஜி' ஆனேன். ஆறுமுகம் என் அப்பா.

சீசன் முழுக்க இது யாருக்கும் தெரியாது. ரெஃப்ரி தலையை எண்ணிப் பார்ப்பார், கேப்டன் கையெழுத்துப் போடுவார், ஆட்டம் தொடங்கிவிடும்.

கடைசி மேட்ச் வந்தது. நாங்கள் முதலிடம், எதிரே ஆடுகிற டீம் ஒரே ஒரு பாயின்ட் பின்னால். தோற்காமல் இருந்தால் போதும், டிரா ஆனாலே நாங்கள் முதல் டிவிஷன். எட்டாம் லைன் மொத்தமும் மைதானத்துக்கு வந்துவிட்டது. முந்தின வருஷம் ரிட்டயரான என் அப்பாவும் வேட்டி, குடை சகிதம் வந்து கோட்டோரமாக நின்றார். நான் ஆடி அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்த்தார் என்று சொல்வதும் தப்பு.

எதிர் டீம் செக்ரட்டரிக்கு எங்கள்மேல் சந்தேகம். வெளி ஆட்களைக் கூட்டி வந்திருக்கிறோமாம். பெயரைக் கூப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்றார். ரெஃப்ரி பழைய மிலிட்டரிக்காரர், அவருக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. எங்களை வரிசையாக நிற்க வைத்து, டைப் அடித்த தாளைப் பிரித்தார்.

"ஆறுமுகம்!"

எனக்குச் சுரீர் என்றது. அது நான்தான் என்று புரிந்தது. ஆனால் அப்பா பத்தடி தூரத்தில் நிற்கும்போது அவர் பெயருக்கு எப்படி 'எஸ்' சொல்வது? ரெஃப்ரி இன்னொரு தடவை உரக்கக் கூப்பிட்டார். முப்பது வருஷம் ஃபாக்டரி கேட்டில் ஹாஜர் கொடுத்த மனிதரால் எத்தனை நேரம் பொறுக்க முடியும்?

"ஹாஜர் சாப்!" என்று குடையை மடக்கிக்கொண்டு அப்பா மைதானத்துக்குள் வந்து, வரிசையில் எனக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

ரெஃப்ரி அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நீங்கள் கோல்கீப்பரா?" என்று இந்தியில் கேட்டார்.

"நான் ஆறுமுகம்" என்றார் அப்பா. அதைவிட உண்மையான பதில் இருக்க முடியாது.

"அப்படியானால் இவன் யார்?"

"இவன் என் பையன். கணேசன்."

ரெஃப்ரி என்னைப் பட்டியலில் இல்லாத ஆள் என்று வெளியே போகச் சொன்னார். அடுத்து "முத்துசாமி!" என்றார். எங்கள் செல்வம் வெள்ளந்தி. "வோ மர் கயா சாப்" என்றான். அவர் செத்துவிட்டாராம். செல்வமும் வெளியே. அடுத்த பெயருக்கும் அதே பதில். அதற்கடுத்த ஆள் இன்னும் விவரமாக, காலரா என்றான். ரெஃப்ரி தாளை மடக்கினார். "என்ன டீம் இது? இதுவரை கூப்பிட்டதில் மூன்று பேர் பிணம், ஒருவர் கிழவர்!"

துரைசாமி அண்ணனுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார்: "எவன் பேரைக் கூப்ட்டாலும் எஸ் சொல்லுங்கடா, அப்பன் உசுரோட இருந்தாலும் செத்தாலும்!" மிச்சம் ஏழு பேரும் அப்படியே சொன்னார்கள். ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம் என்பது விதி. மாற்று ஆட்கள் இரண்டு பேரும் அன்றைக்கு ஷிஃப்டில் இருந்தார்கள்.

துரைசாமி அண்ணன் ரெஃப்ரியிடம் வாதாடினார். "பட்டியலை எழுதினவன் யார்? அவன் சொல்லட்டும்" என்றார் ரெஃப்ரி. மைதானமே என்னைத் திரும்பிப் பார்த்தது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அதனால் அப்பா பெயரை எழுதினேன். இவ்வளவுதான் சொல்லவேண்டியது. எனக்கு இந்தி தெரியாமல் இல்லை. நான் என் பூட்ஸைப் பார்த்தேன். லேஸ் சரியாகத்தான் கட்டியிருந்தது. திரும்பவும் பார்த்தேன். ரெஃப்ரி விசில் ஊதிவிட்டார்.

கோலில் நிற்க ஆள் இல்லாமல் துரைசாமி அண்ணனே நின்றார். பதினோரு பேருக்கு எதிராக ஏழு பேர். நம்ப மாட்டீர்கள், பாதி ஆட்டம் வரை கோல் விழவில்லை. அப்பா என் பக்கத்தில் நின்று, "நான் வரக்கூடாதாடா? கூப்ட்டாங்களே" என்று நாலு தடவை கேட்டார்.

இடைவேளையில், சொல்லவேண்டியதை மனசுக்குள் இருபது தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டு ரெஃப்ரியிடம் போனேன். இந்தி, மராத்தி, தமிழ் மூன்றும் கலந்து வந்தது, ஆனாலும் வந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். "அட, இதைத் தொடங்குவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் எல்லாரையும் ஆட விட்டிருப்பேனே. இப்போது பட்டியலை மாற்ற முடியாது" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு பந்து இடது மூலைக்கு வந்தது. துரைசாமி அண்ணன் தாவினார். பந்தைத் தொட்டும் விட்டார். ஆனால் விழுந்தது வலது முழங்காலின்மேல். பந்து மெதுவாக, மிக மெதுவாக உருண்டு கோட்டைத் தாண்டியது. அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அவரை நானும் அப்பாவும்தான் தூக்கி வந்தோம். அதற்குப் பிறகு அவர் எந்த டிவிஷனிலும் ஆடவில்லை.

மூன்று நாள் அவர் முகத்தில் முழிக்காமல் ஒளிந்து திரிந்தேன். நாலாவது நாள் கேன்டீனில் கம்பை ஊன்றிக்கொண்டு நேரே என் மேஜைக்கு வந்தார். எழுந்து நின்றேன். அறை விழும் என்று கண்ணையும் மூடிக்கொண்டேன்.

"சாயங்காலம் பிராக்டிஸ் இருக்கு" என்றார். "உங்கப்பாவை வரச் சொல்லு."

கேன்டீன் முழுக்கச் சிரித்தது. அவரும் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தத் தண்ணீரில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு முதல் டிவிஷன் என்று நான் இன்றுவரை அவரிடம் கேட்டதில்லை. இரண்டு வருஷம் கழித்து அவர் தங்கை சரோஜாவை எனக்குக் கட்டிக்கொடுத்தார். கல்யாணப் பத்திரிகையை மட்டும் என்னை எழுத விடவில்லை. "மாப்பிள்ளை ஆறுமுகம்னு அச்சடிச்சிட்டா எங்கம்மா தாங்காது" என்றார்.

அப்பாவை லைனில் எல்லாரும் இன்றைக்கும் 'கோல்கீப்பர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார். போன மாதம் என் மகளைப் புதுப் பள்ளியில் சேர்க்கப் படிவம் வந்தது. முதல் கட்டம், வழக்கம்போல, குடும்பப் பெயர். பேனாவை எடுத்தேன். அடுப்படியிலிருந்து சரோஜா கத்தினாள்:

"ஏய் மீனா, அதை அப்பா கையில குடுக்காதே! தாத்தாவை ஏழாங்கிளாஸ்ல சேத்துட்டு வந்துடுவாரு!"

உள்ளே கட்டிலிலிருந்து அப்பா உரக்கக் கேட்டார்: "எத்தினி மணிக்குடா போவணும்?"

14 ஆகஸ்ட் 1988