கிளி போட்ட கதவு

பெயிண்ட் அடிக்கக் கூடாத இடம் என்று ஒன்று இந்த உலகத்தில் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர், நாமகிரிப்பேட்டைப் பக்கத்து முதியோர் இல்லத்தில் இருக்கும் பெயிண்டர்தான். நாமக்கல்லில் ஆயுசு பூராவும் லாரிகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

வந்த வாரமே பாத்ரூம் படி விளிம்பில் மஞ்சள் கோடு இழுத்தார். தடுக்கி விழுகிறவர்கள் குறைந்தார்கள். அந்தத் தெம்பில் கைப்பிடிக் கம்பிக்குச் சிவப்பு அடித்தார். பிறகு ஒருவருடைய சக்கர நாற்காலியின் முதுகில் ‘சவுண்ட் ஹாரன்’ என்று எழுதிவிட்டார். அந்த மனிதருக்குச் சுத்தமாகக் காது கேட்காது.

என் அத்தையும் அங்கேதான் இருக்கிறாள். நீள வராந்தா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளைக் கதவுகள். ஞாபகம் தடுமாறும் அத்தை, யார் கட்டிலிலாவது படுத்துக்கொண்டு, “இது என்ற ஊடு” என்று அடம்பிடிப்பாள். “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கூட்டிட்டுப் போயிருங்க” என்றுவிட்டார் மேனேஜர். சேலத்தில் என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் போன அத்தையை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

பெயிண்டரிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

“கதவுக்குப் பெயிண்ட் அடிச்சாச் சரியாப் போயிருமுங்க. நான் பாத்துக்கறேன்.”

மேனேஜர் லீவில் போன நேரம் பார்த்து வேலையை முடித்துவிட்டார். போய்ப் பார்த்தால், அத்தனை கதவிலும் ஒரே பச்சை, ஒரே தாமரை; கதவு நம்பர்கூடப் பெயிண்டில் மறைந்துவிட்டது. இப்போது பாதி இல்லமே வழி தெரியாமல் வராந்தாவில் நின்றது.

“ஏனுங்க, எல்லாத்தையும் ஒரே மாதிரி அடிச்சுப் போட்டீங்களே?”

“ஒரே ஓனர் வண்டின்னா ஒரே பெயிண்டுதானுங்களே” என்றார், பாவம், நிஜமாகவே புரியாமல்.

அத்தை தாமரையைத் தடவிப் பார்த்தாள். “எங்க லாரியில கிளி இருக்குமே, சாமி” என்றாள். மாமா ஓட்டிய லாரி அது. மாமா போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

பெயிண்டர் உடனே பிரஷ்ஷை எடுத்தார். அத்தை கதவில் இரண்டு கிளி. அப்புறம் ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு ஒருத்தருக்குத் தறி, ஒருத்தருக்கு எருமை, ஒரு அம்மாவுக்கு இட்லிக் குண்டா. அதற்குப் பிறகு அத்தை அறை மாறிப் போகவே இல்லை. மேனேஜரும் கூட்டிட்டுப் போகச் சொல்லவில்லை. பெயிண்டர் தன் கதவை மட்டும் முதலிலிருந்தே தொடவில்லை. “என்ற ரூம் எனக்குத் தெரியாதுங்களா?” என்பார்.

போன மாசம் போயிருந்தேன். கிளிக் கதவு முன்னால் பெயிண்டர் நின்றிருந்தார். “நல்லா இருக்குதுங்க. யாரு அடிச்சது?” என்று என்னைக் கேட்டார்.

அத்தை மெதுவாக எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வாங்க சாமி. அந்த வெள்ளைக் கதவுதான் உங்க ஊடு.”