பிஸ்டலுக்குத் தைத்த உறை

ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு. எந்தத் தோலும் முதல் நாள் இறுக்கிப் பிடிக்கும், போகப்போக வழிக்கு வந்துவிடும் என்று நம்புவோம். காலைக் கடிக்கிற ஷூவைத் திருப்பிக் கொண்டுவருகிறவரிடம்கூட, "ஒரு வாரம் போடுங்க சார், தானா செட் ஆயிடும்" என்று கூசாமல் சொல்வோம். (அந்த ஒரு வாரத்தில் செட் ஆவது அவருடைய கால்தான்.) இந்த நம்பிக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு நான் நாலு பேர் முன்னால் நின்ற கதை இது.

தொண்ணூறுகளின் கடைசி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், புது மாடலின் முதல் ஜோடியைச் செய்து பார்க்கும் சாம்பிள் செக்‌ஷனில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் தம்பி சாமுவேலின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு வேலூர்ப் பக்கம் போவேன். அங்கே மூடிக்கிடந்த, தோல் பதனிடும் டேனரி ஷெட் ஒன்றில் துப்பாக்கி சுடும் கிளப் நடந்தது. நடத்தியவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர். எங்களுக்கு அவர் சுபேதார் சார்.

கிளப்புக்கென்று இருந்தது ஒரே ஒரு ஏர் பிஸ்டல். குழலை மடக்கி, மிளகு அளவு ஈயக்குண்டை வைத்து, நிமிர்த்திச் சுட வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் இதே பாடு. சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டிக்குச் சொந்த பிஸ்டல் வைத்திருப்பவர்கள் தாங்களே போய்விடுவார்கள். இல்லாதவர்களுக்கு இந்தக் கிளப் பிஸ்டல்தான் கதி. அதை ஒருவர்தான் கொண்டுபோக முடியும். அந்த வருஷம் அதற்குப் போட்டியிட்டவர்கள் இருவர். ஒன்று நான். இன்னொன்று, பேர்ணாம்பட்டு டேனரியில் கெமிஸ்ட்டாக இருந்த இம்தியாஸ். சென்னைக்குப் போயே தீர வேண்டும் என்று எனக்கு வெறி. பெண் பார்க்க வருகிறோம் என்றவர்களிடம், "போட்டி முடியட்டும்" என்று அம்மாவை விட்டே சொல்லவைத்திருந்தேன்.

சுபேதார் சார் அந்தச் சமயம் பார்த்து ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையைப் புரட்டிவிட்டார். அதில் ஆட்கள் இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை உருவி, ஓடி ஓடி இரும்புத் தட்டுகளைச் சாய்த்தார்கள். அவருக்குப் பிடித்துப்போயிற்று.

"நின்ன எடத்துல நின்னு பேப்பர் அட்டைய யார் வேணா சுடுவாங்க. நீங்க ரெண்டு பேரும் இத ஆடுங்க. யாரு சீக்கிரம் முடிக்கிறாங்களோ, பிஸ்டல் அவங்களுக்கு" என்றார்.

விதிகளை அவரே எழுதினார். மூன்று இடத்தில் மூன்று தட்டு. உறையிலிருந்து காலி பிஸ்டலை எடுக்க வேண்டும், குண்டு போட வேண்டும், தட்டைச் சாய்க்க வேண்டும், அடுத்ததற்கு ஓட வேண்டும். கடைசியில் பிஸ்டல் உறைக்குள் திரும்பியதும் சுடுபவர் தன் வாயால் "முடிஞ்சது" என்று சொல்ல வேண்டும். அதுவரை கடிகாரம் ஓடும். சுடுபவரை யாரும் தொடக் கூடாது, ஷெட்டை விட்டு யாரும் நகரக் கூடாது. உறைக்காக ஒரு பழைய கான்வாஸ் பையைக் கொடுத்தார்.

தோல் ஊரில் பிறந்து, தோல் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு, கான்வாஸ் பையைக் கட்டுவதா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

பிஸ்டல் சுபேதார் சாரின் பீரோவில் பூட்டியிருக்கும், வீட்டுக்குத் தர மாட்டார். அதனால் பேப்பரில் அதன் உருவத்தை வரைந்து எடுத்துக்கொண்டு போய், அதே மாதிரி மரத்தில் ஒன்று செதுக்கினேன். ஷூவுக்குள் வைக்கிற அச்சை லாஸ்ட் என்போம். அது போல இது பிஸ்டலுக்கு லாஸ்ட். வரைபடத்தில் குழல் நுனிக்கு மேலே சின்னதாக ஒரு மேடு துருத்திக்கொண்டிருந்தது. லாஸ்டில் மேடு இருந்தால் அரத்தை எடுத்துத் தேய்த்துவிடுவது எங்கள் தொழில் தர்மம். தேய்த்தேன். நல்ல தோலை நனைத்து அதன் மேல் இழுத்துக் கட்டி, ஷூக்களைச் சூடேற்றி வடிவம் பிடிக்கவைக்கும் மெஷினுக்குள் அனுப்பினேன். தோல் மரத்தோடு ஒட்டிப் பிறந்த மாதிரி வந்தது. ஓரத்தை மெழுகு நூலால் இரட்டைத் தையல் போட்டேன். அவ்வளவு அழகான வேலையை நான் அதற்கு முன்பும் செய்ததில்லை, பின்பும் செய்ததில்லை.

(அந்த மேடு குறி பார்க்கிற முனை. முன்பக்கம் சரிவாகவும் பின்பக்கம் செங்குத்தாகவும் இருக்கும். உள்ளே போகும்போது வழுக்கிக்கொண்டு போகும், வெளியே வரும்போது கொக்கியாகிவிடும். குறி பார்த்தே பழகியவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.)

போட்டி நாள். சாமுவேலின் ஜீன்ஸ், மேலே நீளமான குர்தா, துப்பட்டா, பெல்ட்டில் என் உறை. இம்தியாஸ் முதலில் ஆடினான். கான்வாஸ் பை, தடுமாற்றம், இரண்டு மூன்று குண்டு வீண். ஆனாலும் முடித்துவிட்டான். இவனை ஊதித் தள்ளிவிடலாம் என்று எனக்குத் தெம்பு வந்துவிட்டது. காலி பிஸ்டலை வாங்கி என் உறைக்குள் அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. பார்த்தவர்கள், "சூப்பர் ஃபிட்டிங்" என்றார்கள்.

விசில் ஒலித்தது. இழுத்தேன். பிஸ்டல் வரவில்லை, பெல்ட் வந்தது. பெல்ட்டோடு ஜீன்ஸ் வந்தது. நான் குதிகாலைத் தூக்கி நின்றேன்.

"பிஸ்டல எடும்மா" என்றார் சுபேதார் சார்.

"எடுத்துட்டுதான் சார் இருக்கேன்."

பெல்ட்டைக் கழற்றினேன். தரையில் உட்கார்ந்து, உறையை ஒரு காலால் மிதித்து, இரண்டு கையாலும் இழுத்தேன். நான் மல்லாந்து விழுந்ததுதான் மிச்சம். ஷெட் வாசலில் பிரியாணி அண்டா வந்து இறங்கியது. விதிப்படி யாரும் நகரக் கூடாது. எல்லோரும் அண்டாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

இம்தியாஸ் நல்லவன். "இன்னா கிரேஸ், பேஜார் பண்ற? விட்டுடு. கான்வாஸ் பைல போட்டு இன்னொரு வாட்டி ஆடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றான்.

அன்று எனக்குச் சொல்லப்பட்ட ஒரே உருப்படியான யோசனை அதுதான். "முடிஞ்சதுன்னு நான் இன்னும் சொல்லல" என்று அவன் வாயை அடைத்தேன்.

"அக்கா, சோறு ஆறுது" என்றான் சாமுவேல்.

ஒரு கையில் உறை, இன்னொரு கையில் நழுவும் ஜீன்ஸ் என்று அவனிடம் நடந்தேன். என் பை அவனிடம் இருந்தது. அதற்குள் தோல் சீவுகிற கத்தி இருந்தது. மறுபடி தரையில் உட்கார்ந்து, நான் போட்ட இரட்டைத் தையலை நானே ஒவ்வொன்றாக அறுத்தேன். கடைசித் தையல் விட்டதும் பிஸ்டல் தானாக மடியில் விழுந்தது.

இனி ஓட வேண்டும். குண்டு போட இரண்டு கையும் வேண்டும். ஜீன்ஸைப் பிடிக்கக் கை இல்லை. அது முழங்காலுக்கு இறங்கியது. குர்தா மானத்தைக் காத்தது. சாக்குப் பந்தயத்தில் குதிக்கிற பிள்ளை மாதிரி குதித்துக் குதித்துப் போனேன். மூன்று தட்டு, மூன்றே குண்டு. ஒன்றும் தவறவில்லை. யாரும் கைதட்டவில்லை. பசி.

"பிஸ்டல் உறைக்குள்ள போகணும்மா" என்றார் சுபேதார் சார், தரையில் பிளந்து கிடந்த உறையைப் பார்த்தபடி.

அதை எடுத்து பிஸ்டலைச் சுற்றி வைத்து, துப்பட்டாவால் பொட்டலம் கட்டி இடுப்பில் செருகினேன். "முடிஞ்சது" என்றேன். சொல்லி முடிக்கும் முன் அண்டாவின் மூடி திறந்துவிட்டது.

பிஸ்டலை இம்தியாஸ் கொண்டுபோனான். திரும்பும் வழியெல்லாம் ஸ்கூட்டரில் தம்பியின் முதுகுக்குப் பின்னால் அழுதேன். சென்னையில் போட்டி முடிந்து வரும்போது இம்தியாஸ் ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தான். "அங்க பிஸ்டல மேஜை மேல வெச்சிக்கிறாங்க கிரேஸ். உறைன்னு ஒண்ணு யாருகிட்டயும் இல்ல" என்றான். அந்தப் பேடாவை நான் தொடவில்லை.

அடுத்த வருஷம் நானும் சென்னைக்குப் போனேன், சுமாராகச் சுட்டேன், வந்தேன். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. உறைக் கதையை மட்டும் விடுவதில்லை.

பிறகு கல்யாணம் ஆகி, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர்ந்தேன். வலி வந்துகொண்டே இருந்தது, குழந்தை வருவதாக இல்லை. டாக்டரம்மா ஆபரேஷன் என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம் டாக்டர்" என்று நான் பிடிவாதம் பிடித்துப் பார்த்தேன். நடக்கவில்லை. வயிற்றை அறுத்துத்தான் மகளை எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்தபோது அம்மா ஜெபம் செய்துகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாமுவேல் குழந்தையை வாங்கி, மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவர்களிடம் நிதானமாகச் சொன்னான்: "சும்மா இழுத்தா வராதுன்னு எனக்கு அப்பவே தெரியும். அக்கா செஞ்ச உறையாச்சே."

வயிற்றில் புதுத் தையல். சிரிக்கக் கூடாது என்று நர்ஸ் அதட்டினார். தையலைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.