அங்கெல்லாம் இப்படித்தான்

‘அங்கெல்லாம்’ ஆசாமியை உங்களுக்குத் தெரியும். தெரியாதென்று சொல்லாதீர்கள். முன்பு பெங்களூரில் பேட்டைக்கு ஒருவர் இருந்தார். கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெருகியபின் மாடிக்கு ஒருவர். கம்பெனி செலவில் சில மாதம் சீமைக்குப் போவார். ஆள் திரும்பி வந்துவிடுவார், நாக்கு மட்டும் வராது. மழை பெய்தால் அங்கெல்லாம் மழை வேறு மாதிரி. வெயிலடித்தால் அங்கெல்லாம் அதற்காக லீவு போடுவார்கள். தெருவில் ஹாரன் அலறினால், அப்படியொரு ஓசையை ஜன்மத்தில் கேட்டறியாதவர்போல இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். பிறந்து வளர்ந்ததென்னவோ மல்லேஸ்வரத்தில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் வீட்டில்.

ப்ரஹ்லாத் இந்த இனத்தில் முதல் தரம். இங்கிலாந்தில், ரெடிங் என்ற ஊரில் ஆறு மாதம் இருந்தவர். வந்து வருஷங்கள் ஓடிவிட்டன; அந்த ஆறு மாதம் மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.

அவர் மனைவி ஸ்ரீரஞ்சனி வேறொரு கம்பெனியில் வேலை பார்ப்பவள். அவளை லீட்ஸ் நகரத்துக்கு, இரண்டு வருஷத்துக்கு, ஒரு குழுவுக்கே தலைவியாக அனுப்பத் தீர்மானித்துத் திங்கட்கிழமை காலைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். இதைக் கணவரிடம் சொல்ல அவளும் சில நாளாகப் பார்க்கிறாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் ‘அங்கெல்லாம்’ என்று தொடங்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வெளியே சாப்பிடலாம் என்று அவர் சொன்னதும், அப்பா அம்மா எதிரில் மனுஷர் காது கொடுத்துத்தானே ஆகவேண்டும் என்று அவர்களையும் கூட்டிக்கொண்டாள். கேட்க ஆள் கூடினால் இந்த இனத்துக்குக் குரலும் கூடும் என்பதைப் பாவம், மறந்துவிட்டாள்.

ஊருக்கு வெளியே, அத்திபெலேக்குச் சற்று முன்னால், ரோஜாத் தோட்டங்களுக்கு நடுவே புதிதாகத் திறந்திருந்தது அந்த பப். இங்கிலீஷ் கிராமத்து பப்பாம். வாசலில் சேவல் படம் போட்ட பலகை, உள்ளே கறுப்பு உத்தரங்கள், குளிர்காய ஒரு கணப்பு. மாதம் ஏப்ரலானதால் கணப்புக்குப் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

“அங்கெல்லாம் இப்போ கிராமத்து பப்லதான் மாமா பெஸ்ட் ஃபுட்டே,” என்று மாமனார் வெங்கடகிருஷ்ணன் கையிலிருந்த மெனுவை வாங்கி மடித்து வைத்தார் ப்ரஹ்லாத். “நீங்க சிரமப்பட வேண்டாம். எல்லாருக்கும் நானே சொல்லிடறேன்.”

மாமியார் அனந்தலக்ஷ்மிக்கு அன்று ஏகாதசி விரதம். மகள் கூப்பிட்டாளே என்று வந்தவள். காரிலேயே விரதத்தைச் சொன்னாள். அங்கெல்லாம் எப்படி லேன் மாறுவார்கள் என்று அவர் விவரித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆகவே அவளுக்கும் ஒரு தட்டு வந்தது.

தட்டா அது? தாம்பாளம். அதன் ஓரத்தில் மூன்று துண்டு பீட்ரூட், அதன்மேல் பொட்டு வைத்ததுபோல ஆட்டுப்பால் சீஸ், பக்கத்தில் யாரோ விரலைத் துடைத்துவிட்டுப் போனதுபோலப் பச்சையாக ஒரு தீற்றல். விதான சௌதாவில் சர்க்கார் உத்தியோகம் பார்த்து, எத்தனையோ விவகாரங்களைக் கண்டு ரிடையரான வெங்கடகிருஷ்ணன் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இது ஏனு மாப்ளே? பீட்ரூட்தானே?” என்றார், பாதிக் கன்னடத்தில்.

“பீட்ரூட்தான். ஆனா மூணு விதமா பண்ணிருக்கா. ஒண்ணு சுட்டது, ஒண்ணு ஊறப்போட்டது, ஒண்ணு…” மூன்றாவது என்னவென்று அவருக்கும் தெரியவில்லை. “அங்கெல்லாம் இதை வாயில வெச்சுண்டு கொஞ்ச நேரம் பேசவே மாட்டா.”

அவர் பேசிக்கொண்டேயிருந்தார்.

“அப்பா, எனக்கு ஆபீஸ்ல…” என்று ஸ்ரீரஞ்சனி தொடங்கினாள்.

“ஒன் மினிட், ரஞ்சனி. சூப் ஊத்தறான் பாரு. அங்கெல்லாம் டேபிளுக்குக் கொண்டுவந்துதான் ஊத்துவா.”

நம் வீட்டில் ரசத்தை எங்கே ஊற்றுகிறார்களாம், மொட்டை மாடியிலா? பட்டாணி சூப்புக்கு ஒரு பிரசங்கம், காளான் அடைத்துச் சுட்ட ‘பை’ பலகாரத்துக்கு ஒரு பிரசங்கம். நடுவில் மாமியாரின் தொடாத தட்டு கண்ணில் பட்டது. “பாரு, மாமி எவ்வளவு நிதானமா சாப்பிடறா! அங்கெல்லாம் இப்படித்தான்!” என்று மெச்சிக்கொண்டார்.

ஸ்ரீரஞ்சனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. அந்த ஆறு மாதத்தில் இந்த மகானுபாவர் எந்த பப்பின் வாசற்படியையும் மிதித்ததில்லை. சைவத்தில் எது கலந்திருக்குமோ என்ற பயம். அறையில் குக்கரை வைத்துக்கொண்டு, ஞாயிறு தவறாமல் பெங்களூருக்குப் போன் போட்டு, “ரஞ்சனி, ரசத்துக்குப் பெருங்காயம் எப்போ போடணும்?” என்று கேட்டவர். மானத்தைக் காப்பாற்றுவோம் என்று அவள் இதுவரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

“என்னமோ சொல்ல வந்தியேடி, சொல்லு,” என்றாள் அம்மா. பட்டினி கிடந்தாலும் அந்த மேஜையில் காது வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

ஸ்ரீரஞ்சனி ஸ்பூனைக் கீழே வைத்தாள். “என்னை லீட்ஸுக்கு அனுப்பறாம்மா. இங்கிலாந்துல. ரெண்டு வருஷம், டீமுக்கு நான்தான் ஹெட். நாளைக்குச் சரின்னு சொல்லப்போறேன்.”

வெங்கடகிருஷ்ணனின் முகம் மலர்ந்தது. ப்ரஹ்லாதின் வாயருகே போன புட்டிங் அந்தரத்தில் நின்றது. மனைவியை வாழ்த்த வேண்டிய இடம். இனத்தின் குணம் விடுமா?

“லீட்ஸா? நீ தனியாவா? உனக்குத் தெரியாது ரஞ்சனி, அங்கெல்லாம்…”

“அங்க எப்படின்னு நான் போய்த் தெரிஞ்சுக்கறேன். நீங்க இங்க தனியா இருக்கணுமே, அதைப் பாருங்கோ. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுங்கோ. ரசத்துக்குப் பெருங்காயம் எப்போ போடணும்னு பழையபடி சொல்றேன்.”

“பழையபடியா?” என்றார் மாமனார். விஷயம் புரிய அவருக்கு ஒரு நொடி பிடித்தது. பிறகு கணப்பும் உத்தரமும் அதிர அவர் சிரித்த சிரிப்பு, எந்தச் சீமையிலும் மேஜை நாகரிகத்தில் சேராது. ப்ரஹ்லாத் புட்டிங்கை விளக்கம் எதுவும் சொல்லாமல் தின்று முடித்தார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்களுடைய ‘அங்கே’ எது? சீமையாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை; துபாய், டில்லி, பழைய ஆபீஸ், படித்த காலேஜ், எதுவானாலும் போதும். கடைசியாக அதைப் பற்றி நீங்கள் ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தபோது, எதிரில் ஒருவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாரே, அவர் என்ன சொல்ல வந்தார்?