மாமனார் ஏறிவர ஒரு சரிவு

“என்னங்க, இது இன்னும் கொழகொழன்னு இருக்கு!”

வாசலில் மனைவி விரலால் குத்திப் பார்த்த இடத்தில் குழி விழுந்தது. கணவன் குனிந்து அதைக் கட்டைவிரலால் தேய்த்து மூடினான். காலை உடைத்துக்கொண்ட மாமனார் நாளை மறுநாள் சக்கர நாற்காலியில் வருகிறார். படிமேல் போட்ட இந்தக் கான்கிரீட் சரிவு இறுகாவிட்டால் அவர் நேரே சகலை வீட்டுக்குப் போய்விடுவார். சகலை வீட்டில் லிஃப்ட் இருக்கிறது. அதைப் பற்றி ஓயாமல் பேச வாயும் இருக்கிறது.

கணவனுக்குக் கான்கிரீட் கம்பெனியில் விற்பனை வேலை. பாதி சிமெண்ட்டைக் குறைத்து, இரும்பாலைக் கசடை அரைத்த தூளைச் சேர்த்தால் சிமெண்ட் ஆலைப் புகையும் குறையும், பூமியும் பிழைக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்லி விற்றவன், தன் கையால் கலவை போட்டது நேற்றுதான்.

“கசடுத்தூள் சேர்த்தா நிதானமாத்தான் இறுகும்.”

“நீங்க நிதானமாவே இருங்க. எங்கப்பா அதுல புதைஞ்சு போகட்டும்!”

ரோஷம் வந்துவிட்டது. வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்புத் தூளைக் கொட்டிக் கிளறினான். கிளறக் கிளற இன்னும் இளகியது. காயட்டும் என்று மேசை விசிறியை வைத்தான். கலவையில் சேராமல் மேலே கிடந்த சுண்ணாம்பு பறந்து, கொடியில் காய்ந்த துணிகளில் போய் உட்கார்ந்தது.

மனைவி துணிகளை மறுபடி ஊறவைக்கச் சலவைச் சோடா கரைத்த வாளியோடு வந்தாள்.

“விசிறியை நிறுத்துங்க!”

“நீ தள்ளு, நான் பாத்துக்கறேன்!”

இழுபறியில் வாளி கவிழ்ந்தது. அத்தனையும் கலவைக்குள் போனது. அவன் அழாத குறையாக அதையும் சேர்த்துக் கிளறி, மட்டப்படுத்தி, கைக்குக் கிடைத்த படுக்கை விரிப்பால் மூடினான். அவளுக்குப் பிடித்த விரிப்பு.

மாமனார் வந்த அன்று, அவரை அழைத்துவந்த கம்பெனி வேன் டிரைவர்தான் நாற்காலியைத் தள்ளினார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். சக்கரம் வழுக்கவும் இல்லை, புதையவும் இல்லை. ஜம்மென்று மேலே போய் நின்றது.

“பாறை மாதிரி இருக்கே, மாப்பிள்ளை! கால் சரியாகிற வரைக்கும் இங்கதான் இருக்கப்போறேன்.”

மனைவி சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணவனுக்குத் தலைகால் புரியவில்லை.

“பாதி சிமெண்ட்தான் மாமா இதுல! மீதி பாதியைக் குறைச்சிட்டேன்.”

டிரைவர் வேனிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தார்.

“சார், நீங்க கேட்ட சிமெண்ட் இந்தாங்க. அன்னைக்கு ஸ்டாக் இல்லைன்னு ரெண்டு மூட்டையும் கசடுத்தூளாவே போட்டுட்டுப் போயிட்டேன்.”

“அப்ப இதை இறுக்கினது உங்க சுண்ணாம்பும் என் சலவைச் சோடாவும்தான்!” என்றாள் மனைவி.