மைக்ரானும் ஏறாத மேடும்

இந்த உலகத்தில் ஒரு பொருள்கூடச் சரியான அளவில் இல்லை என்று கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவர் மைக்ரான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு உள்ள அந்தப் பெயரை அவருக்கு வைத்தது நாங்கள்தான். எங்கள் தொழிற்சாலையில் இருபது வருடம் எனக்குப் பக்கத்து லேத். ரிட்டயரான பிறகு அளக்க வேலை இல்லாததால் ஊரை அளக்க ஆரம்பித்தார். எங்கள் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு செங்குத்தான சந்தின் உச்சியில் போண்டாக் கடை உண்டு. அங்கே போண்டாவின் மேல் வெர்னியர் அளவுகோலை வைத்து, "இன்னாபா, நேத்தைக்கு இன்னிக்கு மூணு மில்லி கொறையுதே?" என்றார். கடைக்காரர் கரண்டியை ஓங்கியதற்கு நான் சாட்சி.

போன வருடம் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். சைக்கிள் ஓட்டலாம், மேடு ஏறக் கூடாது, எண்ணெய்ப் பலகாரம் கூடவே கூடாது என்றார் டாக்டர். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் கியர் சைக்கிள் வாங்கித் தந்து, போனில் ஓர் ஆப்பையும் போட்டுவிட்டாள். அப்பா எவ்வளவு தூரம் போகிறார், எவ்வளவு ஏறுகிறார் என்று அங்கிருந்தே பார்ப்பாள்.

சுரங்கத்தில் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண், எங்கள் ஊரில் சயனைடு மேடு என்று மலை மாதிரி நிற்கிறது. அதைச் சுற்றிப் போகும் சாலை தட்டை. முதல் நாள் நானும் என் சைக்கிளில் சேர்ந்துகொள்ள, எட்டுச் சுற்று போனோம். அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மகளின் போன்.

"அப்பா! இருநூத்தி நாப்பது மீட்டர் ஏறிக்கிறீங்க! உங்களுக்கு இன்னா பைத்தியமா?"

"ஏறலம்மா. ரோடு தட்டையாத்தான் கீது."

"ஆப் பொய் சொல்லுமா? ஞாயித்துக்கிழம வரேன். சைக்கிள வித்துட்டுதான் மறுவேல."

ஆள் வாடிப்போனார். சைக்கிள் போவது ஒரு பக்கம். ஒரு தப்பான அளவு தன்னைப் பொய்யனாக்கிவிட்டதே என்று சோறே இறங்கவில்லை. ரெண்டு நாள் குடைந்து விஷயத்தைப் பிடித்தார். ஆப் உயரத்தை அளக்கவே இல்லை, ஏதோ வரைபடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த வரைபடம் மண்மேட்டின் உயரத்தைப் பக்கத்துச் சாலைக்கும் கொஞ்சம் பூசிவிட்டிருக்கிறது. சுற்றுக்குச் சுற்று அவரை மேட்டில் ஏற்றி இறக்கியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்த மகளின் கையில் காபிக்குப் பதிலாக ஒரு ட்யூபின் முனையைக் கொடுத்தார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிப் பிடிப்பார்களே, அது. காலையிலிருந்து மத்தியானம் வரை சாலை முழுக்க நாங்கள் மூவரும் ட்யூபோடு நகர்ந்தோம். வழியில் ஓர் அம்மா பிளாஸ்டிக் குடத்தோடு ஓடி வந்து, "எங்க லைனுக்கு எப்ப சார் தண்ணி வுடுவீங்க?" என்று கேட்டார். நாங்கள் தண்ணீர் ஆபீஸ் ஆட்கள் இல்லை என்றதும் அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

கடைசியில் மைக்ரான் அறிவித்தார். "ஒரு சுத்துக்கு மொத்த ஏத்தம், ஒரு மீட்டர் எழுவத்திரெண்டு சென்டி."

மகள் வெயிலில் சிவந்துபோய், "எங்க மெட்ரோ படிக்கட்டே இதவிட ஒசரம்பா. ஓட்டித் தொலைங்க" என்றாள்.

அடுத்த வாரம், மண்மேட்டுச் சாலையை எட்டும் முன்பே மனிதர் திடீரென்று ஹேண்டிலைத் திருப்பினார். போண்டாக் கடைச் சந்து. மூச்சு இரைக்க ஏறி, ரெண்டு போண்டாவை அளக்காமலே விழுங்கினார். நான் அவருடைய போனைப் பார்த்தேன். ஏற்றம்: பூஜ்யம். அவ்வளவு சின்னச் சந்து அந்த வரைபடத்தின் கண்ணிலேயே படவில்லை.

"அண்ணா, ஆப்பு தப்பு காட்டுது. பாப்பாகிட்ட சொல்லிடலாமா?"

"சும்மா இருப்பா. எவ்ளோ பெரிய கம்ப்யூட்டரு, அதப்போய் குத்தம் சொல்லினு!"

ஒரு தப்பான அளவைச் சரியென்று அவர் ஏற்றுக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இப்போதும் வாரம் ஒரு நாள் சந்தில் ஏறுகிறார். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. அவருடைய மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பின்னாலேயே போகிறேன். "முந்திப் போயேம்பா" என்பார். முட்டி வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் முட்டிக்கு ஒரு குறையும் இல்லை.