வாசல் பள்ளமும் ரெண்டாம் தவணையும்

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். வீட்டு வாசல்ல கெடக்க பள்ளத்த மூடச் சொல்லி ஒரு மனு கொடுக்கணும்.

மனு எனக்குப் புதுசு இல்ல. சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸுக்கு எதுத்தாப்ல மேசை போட்டு இருபத்திரெண்டு வருஷமா மனு எழுதிக் கொடுக்கேன். குருவிகுளம், பனவடலிசத்திரத்துல இருந்தெல்லாம் ஆளு தேடி வருவாவ. "அக்கா எழுதுனா காரியம் நடக்கும்"னு அவிய சொல்லுவாவ. நானும் அத நம்பிட்டேன். வெனையே அங்கனதான் ஆரம்பிச்சுச்சு.

பள்ளத்தோட கதைய மொதல்ல சொல்லிருதேன்.

பெரிய ஊருகள ஸ்மார்ட் ஆக்குனாவல்லா, அதே மாதிரி சின்ன ஊருகளயும் ஆக்கப் போறோம்னு ஒரு திட்டம் வந்துச்சு. வெளியூர் கன்சல்டன்சி ஒண்ணு அத எடுத்து, பேன்ஸி ஸ்டோர் மாடியில ஆபீஸ் போட்டுச்சு. நாங்க ஸ்மார்ட் ஆபீஸ்னுதான் சொல்லுவோம். எங்க வாசல்ல ஸ்மார்ட் கம்பம் நடப்போறோம்னாவ. லைட்டு, கேமரா, வைஃபை, காத்து சுத்தமான்னு பாக்க மீட்டர், எல்லாம் ஒரே கம்பத்துல.

கம்பம் வரல. பள்ளம் வந்துட்டு. ஆறடி நீளம், ஆறடி ஆழம். நாலு மாசமா ஒரு பலகைய போட்டு அது மேல நடந்துதான் வீட்டுக்குள்ள போறோம், வாரோம்.

நாலு மாசம் பொறுத்தவளுக்கு இப்ப என்ன அவசரம்னு கேப்பிய. ஞாயித்துக்கிழமை காலைல பத்தரைக்கு எம் மகள் மகேஷ பொண்ணு பாக்க வாராவ. ராயகிரில இருந்து, ரெண்டு கார்ல.

இதுக்கு முந்தி ஒரு எடம் வந்துச்சு. நிச்சயம் ஆகுததுக்கு முன்னாலயே நான் தெரு முழுக்கச் சொல்லிட்டேன். அது தட்டிப் போச்சு. மகேஷ் ரெண்டு நாள் சாப்பிடல. இந்தத் தடவ பையன் கார்த்தி போன்ல பேசிருக்கான், அவளுக்கும் புடிச்சுப் போச்சு. காலைல நான் கெளம்பும்போது சொன்னா:

"எம்மா, யார்ட்டயும் மூச்சு விட்ராத. இந்த ஒண்ணயாவது கெடுத்துராத."

சரின்னேன். சத்தியமா யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னுதான் போனேன்.

ஸ்மார்ட் ஆபீஸ்ல பிரவீன்னு ஒரு இன்ஜினியர் தம்பி. சென்னைப் பக்கம். லேப்டாப்ப விட்டு கண்ண எடுக்காது, ஆனா மரியாதையான பிள்ளை. மனுவ வாங்கி முழுசாப் படிச்சாரு.

"தமிழ் சூப்பரா இருக்கு மேடம்."

"தமிழ் கெடக்கட்டும் தம்பி. பள்ளத்த எப்ப மூடுவிய?"

"மூட முடியாது மேடம். பள்ளம் முதல் தவணை. கம்பம் ரெண்டாம் தவணை."

"அப்ப ரெண்டாம் தவணைய வாங்குங்க."

"முதல் தவணைய ஒழுங்கா செலவு பண்ணிட்டோம்னு ஆய்வுக் குழு வந்து பாத்து எழுதித் தரணும். அப்பதான் ரெண்டாம் தவணை."

"அப்ப குழுவ வரச் சொல்லுங்க."

"குழு வர்றதுக்கான செலவு மூணாம் தவணைல இருக்கு மேடம்."



"சரி தம்பி, மூடுததுக்கு எந்தத் தவணை?"

"மூடுறது திட்டத்துலயே இல்ல மேடம்." லேப்டாப்ல என்னமோ தட்டிப் பாத்துட்டு நிமிர்ந்தாரு. "பள்ளத்து மேல ஒரு பலகை கிடக்கே, அது உங்களுதா?"

"ஆமா. எங்க பழைய கதவு."

"தேங்க்ஸ் மேடம். அத பொதுமக்கள் பங்களிப்புல எழுதியிருக்கோம்."

எனக்கு சுர்ருன்னு ஏறிட்டு. என் கதவ நான் எந்தத் திட்டத்துக்குடா கொடுத்தேன்? ஆனா கோவத்த காட்டுனா காரியம் கெட்டுரும். பொண்ணு பாக்க வாராவன்னு சொன்னா அந்தத் தம்பி ஒருவேளை எறங்கி வந்திருப்பாரு. அதயும் சொல்லக்கூடாது. அப்ப எனக்கு ஒரு புத்தி வந்துச்சு. எனக்கு வார புத்தி எப்பவும் அப்பிடித்தான், வரும்போது பளபளன்னு இருக்கும்.

கொரல எறக்கிச் சொன்னேன். "தம்பி, ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். ஞாயித்துக்கிழமை பத்தரைக்கு மேலிடத்துல இருந்து ஆளு வாராவ. எங்க தெருவுக்கு. ரெண்டு காரு."

பிரவீன் லேப்டாப்ப மூடிட்டாரு. அத மூடி நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

"எங்களுக்கு மெயில் எதுவும் வரலயே மேடம்?"

"திடீர் ஆய்வுக்கு மெயில் போட்டுட்டா வருவாவ?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தாலுகா ஆபீஸ் வாசல்ல ஒக்காந்திருக்கவளுக்கு தெரியாம என்ன இருக்கு?"

தம்பி ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சாரு. நான் எறங்கி வந்துட்டேன். வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரர்ட்ட, "நாளைக்குப் பள்ளம் மூடிரும், பாருங்க"ன்னேன். அவரு நல்ல மனுசன். "நீ என்னட்டி பொய் சொன்ன?"ன்னு மட்டும் கேட்டாரு.

சனிக்கிழமை விடிஞ்சதும் ஜேசிபி சத்தம். பத்து ஆளு வந்து எறங்குனாவ. எனக்கு ஒரே சந்தோசம். பத்து பேருக்கும் டீ போட்டேன். டீய எடுத்துட்டு வெளிய வந்து பாத்தா, ஜேசிபி மண்ண உள்ள தள்ளல. வெளிய அள்ளுது.

"என்ன தம்பி செய்யுதிய?"

"ஷேப் பண்றோம் மேடம். ஓரமெல்லாம் சரிஞ்சு இருந்துச்சு. இன்னும் ரெண்டடி ஆழம் போனா நல்லா எடுப்பா தெரியும்."

"ஏய்யா, மூடலயா?"

பிரவீன் என்னயப் பாவமாப் பாத்தாரு. "மூடிட்டா குழு எதப் பாக்கும் மேடம்? எங்க கிட்ட காட்டறதுக்கு இருக்கறது இந்தப் பள்ளம் ஒண்ணுதான்."

மத்தியானத்துக்குள்ள பள்ளத்தச் சுத்தி சுண்ணாம்புக் கோடு. கம்பி நட்டு ரிப்பன். தெருவ அடைச்சு ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். அதுல எங்க தெருவு இன்னும் ரெண்டு வருஷத்துல எப்பிடி இருக்கும்னு படம். வெள்ளக்காரப் பொம்பளை ஒருத்தி எங்க வீட்டு வாசல்ல சைக்கிள் ஓட்டுதா. அவளுக்குப் பின்னால கடல்.

"தம்பி, இது எந்த ஊரு? எங்களுக்குக் கடல் பாக்கணும்னா பஸ் ஏறி தூத்துக்குடி போணும்."

"அது வேற ப்ராஜெக்ட்டுக்கு பண்ணது மேடம். டிசைனருக்கு இன்னும் தவணை வரல."

மகேஷ் வெளிய வந்து பாத்தா. ஃப்ளெக்ஸ், ரிப்பன், எட்டடிப் பள்ளம். என் மொகத்தயும் பாத்தா.

"எம்மா, நீ என்ன செஞ்ச?"

அவ கண்ணு கலங்கிட்டு. நேரா பிரவீன்ட்ட போனேன். "தம்பி, ஆய்வு கேன்சல் ஆயிட்டாம். இப்பதான் தகவல் வந்துச்சு."

தம்பி சிரிச்சாரு. "திடீர் ஆய்வுக்கு முந்தின நாள் இப்படித்தான் புரளி கிளப்புவாங்க மேடம். நாங்க ஏமாற மாட்டோம்."

என் பொய்ய என்னாலயே தோக்கடிக்க முடியல.

கடைசில ஒரு ஏற்பாடு செஞ்சோம். எங்க வீட்டுக்காரர் தெருமுக்குல நிக்கணும். ராயகிரிக்காரங்க கார் வந்ததும் அங்கனயே நிப்பாட்டி, ஓரமா நடத்திக் கூட்டிட்டு வந்து, பலகை மேல ஒவ்வொருத்தரா கையப் புடிச்சு உள்ள ஏத்திரணும். பிரவீன் கண்ணுல படக்கூடாது.

ஞாயித்துக்கிழமை பத்தேகாலுக்கு பாத்தா முக்குல ஆளக் காணோம். போன் போட்டா, "மகேஷுக்கு மல்லிப்பூ வாங்க மறந்துட்டோம்லா, பூ மார்க்கெட்ல நிக்கேன்"ங்காரு. பூ மார்க்கெட்டுக்குப் பேர் போன ஊருல இருந்துக்கிட்டு பூவ மறந்த குடும்பம் நாங்கதான்.

ரெண்டு வெள்ளக் காரும் தெருக்குள்ள நுழைஞ்சுச்சு. மறுநிமிசம் மேளம் அடிக்க ஆரம்பிச்சுட்டு. ஆமா, பிரவீன் மேளத்துக்குச் சொல்லிருக்காரு.

மொத கார்ல இருந்து எறங்குனவரு கார்த்தியோட அப்பா சுப்பையா அண்ணாச்சி. ராயகிரில கரும்புத் தோட்டம், நல்ல வெள்ள வேட்டி, நல்ல மீசை. அவரு கால் தரைல படுததுக்குள்ள சந்தனம், குங்குமம், சால்வை. அவரோட சம்சாரம் பின்னால எறங்கி என் காதுல கேட்டாவ:

"என்ன மதினி, பொண்ணு பாக்க வாரதுக்கே மேளமா?"

"எங்க பக்கம்... அப்பிடித்தான் மதினி."

பிரவீன் கையக் கட்டிக்கிட்டு நிக்காரு. "சார் எங்க இருந்து வர்றீங்க?"

"ராயகிரில இருந்து."

பிரவீன் தன் ஆள்ட்ட திரும்பி மெதுவாச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. "அங்கயும் ஆய்வு முடிச்சிட்டு வர்றாங்கடா."

"சார், முதல்ல பள்ளத்தப் பாத்துடலாமா?"

அண்ணாச்சி என்னயப் பாத்தாரு. நான் என்ன சொல்ல? அவிய வேற ஆளுன்னு பிரவீன்ட்ட சொன்னா என் பொய்யி தெருவுல நாறும். இந்த மேளம் ஒங்களுக்கு இல்லன்னு அண்ணாச்சிட்ட சொன்னா, போட்ட சால்வைய உருவுன மாதிரி ஆயிரும். அதோட காரத் திருப்பிருவாரு. மகேஷ் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்கா. நான் தலைய ஆட்டுனேன்.

"அதுக்கென்ன, பாப்போம்"னாரு அண்ணாச்சி. தலைல ஒரு மஞ்ச ஹெல்மெட் மாட்டுனாவ. அதயும் மாட்டிக்கிட்டாரு.

அண்ணாச்சி வாழ்க்கைல நாலு கெணறு வெட்டுனவரு. பள்ளத்தப் பாத்ததும் ஆளே மாறிட்டாரு. குத்த வச்சு ஒக்காந்து, மண்ண எடுத்து உருட்டிப் பாத்தாரு.

"மேல செவல் மண்ணு. கீழ ஓடை மண்ணு வருது. வடக்குச் செவுரு சாஞ்சிருக்கே, எவன் வெட்டுனது?"

"சரி பண்ணிடறோம் சார்." பிரவீன் எழுதிக்கிடுதாரு.

"மழைத் தண்ணி உள்ள எறங்கும். இங்கன நிக்க எதுவும் நேரா நிக்காது, பாத்துக்கிடுங்க."

பிரவீனுக்கு வேத்துட்டு. "சார், பயனாளி ஒருத்தர் இருக்காங்க. அவங்க கிட்டயே கேட்டுடுங்க." என்னயக் காட்டுதாரு. யாரோ ஒரு மைக்க எம் மொகத்துக்கு நேரா நீட்டிட்டான். "சொல்லுங்கம்மா, இந்தத் திட்டத்தால உங்களுக்கு என்ன பயன்?"

இருபத்திரெண்டு வருஷமா ஊருக் கொறைய எல்லாம் எழுதுனவ. எங்கொறைய கேக்க வாழ்க்கைல மொத தடவயா ஒரு மைக் வருது. எதுத்தாப்ல சம்பந்தி ஆகப்போறவரு ஹெல்மெட்டோட நிக்காரு.

"ரொம்ப வசதியா இருக்கு"ன்னேன்.

எல்லாரும் கை தட்டுனாவ. அப்புறம் அண்ணாச்சிட்ட ஒரு பெரிய நோட்ட நீட்டி, கருத்து எழுதச் சொன்னாவ. அண்ணாச்சி என்னய ஓரமாக் கூப்புட்டாரு.

"தங்கச்சி, என்னய ஒரு பெரிய மனுசனா மதிச்சு இம்புட்டு ஏற்பாடு செஞ்சிருக்கிய. எங்க ஊருல கூட எனக்கு யாரும் சால்வை போட்டதில்ல. வடக்குச் செவுரு சரியில்லதான். ஆனா இந்தப் பிள்ளைகளோட மனசு நோகும்படி எழுதலாமா?"

அவரு கண்ணு லேசா நனைஞ்சிருந்துச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு.

"ஒங்க மனசுக்குப் பட்டத எழுதுங்க அண்ணாச்சி."

'வேலை மிக நேர்த்தி. பூரண திருப்தி.' அழகான கையெழுத்து. தேதியும் போட்டாரு.

வீட்டுக்குள்ள பந்தி. கேசரி, பஜ்ஜி. பிரவீனும் கூடவே வந்து பாய்ல ஒக்காந்துட்டாரு. குழுவ விட்டுட்டு எப்பிடிப் போறதுன்னு ஒரு மரியாதை. மகேஷ் பட்டுச்சேலை கட்டி, இருக்க பூவ வச்சு, காபித் தட்டோட வந்தா. கார்த்தி தலையக் குனிஞ்சு சிரிச்சான். மதினி அவ கையப் புடிச்சு பக்கத்துல இருத்தி, "எங்களுக்குப் பூரண சம்மதம்"னாவ.

பிரவீன் வாயில பஜ்ஜியோட அப்பிடியே ஒறைஞ்சுட்டாரு. என்னயப் பாத்தாரு. அண்ணாச்சியப் பாத்தாரு. கைல இருந்த நோட்டப் பாத்தாரு. இப்ப அவரு ஒரு வார்த்த வாயத் தொறந்தா எல்லாம் போச்சு.

நான் அடுக்களைக்கு நழுவுனேன், பின்னாலயே வந்தாரு. ரகசியமாக் கேட்டாரு. "மேடம், இவங்க குழு இல்லயா?"

"மன்னிச்சிரு தம்பி. எம் பிள்ளை வாழ்க்கை."

நோட்டப் பிரிச்சு, அண்ணாச்சி கையெழுத்த ஒரு தடவ தடவிப் பாத்தாரு.

"கையெழுத்து கையெழுத்துதான் மேடம். நீங்களும் சொல்லாதீங்க, நானும் சொல்லல." சொல்லிட்டு இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கிட்டாரு.

அது யாரு கையெழுத்துன்னு மேலிடத்துல யாரும் கேக்கல. நோட்டோட நகல் போச்சு, ரெண்டாம் தவணை வந்துச்சு. அத வச்சு எதுத்த வீட்டு வாசல்ல ஒரு பள்ளம் வெட்டுனாவ. கம்பம் எங்கன்னு கேட்டேன். கம்பத்தோட டிசைன மாத்திட்டாவளாம், அது இனி நாலாம் தவணைன்னாவ.

கல்யாணம் ஆவணில. பந்தக்கால் நடணும்னா வாசல்ல எடம் வேணும். பொறுக்க முடியாம போன வாரம் திரும்ப மனு எழுதி எடுத்துட்டுப் போனேன். நான் எழுதுனதுலயே இதுதான் நல்ல மனு, கல்லும் கரையும். பிரவீன் தம்பி படிச்சுட்டு, நோட்டத் தொறந்து என் முன்னால வச்சாரு.

"மேடம், இது மேல போகணும்னா இந்தக் கையெழுத்து தப்புன்னு நீங்க ஒரு வரி சேத்து எழுதணும்."

ஊருல எந்த அதிகாரி மேல வேணும்னாலும் மனு எழுதிருவேன். சம்பந்தி மேல எழுதுத தைரியம் எனக்கு இல்ல.